கூடத்தில் நின்ற கார்

எங்கள் வீட்டுக்கு வாசற்கதவு கிடையாது, ஷட்டர்தான். மூக்கண்டப்பள்ளியில் அந்த வீட்டைக் கட்டியவர் முன்னால் ஒரு மளிகைக் கடை, பின்னால் ஒரு குடித்தனம் என்று மனக்கோட்டை கட்டியிருந்தார். கடைக்கு ஆள் வரவில்லை, நாங்கள் வந்தோம். அம்மா அந்தக் கடையறையைக் கூடமாக்கிக்கொண்டாள். ஒரு சுவரில் சாமி படங்கள், எதிர்ச் சுவரில் டிவி, நடுவில் பாய். காலையில் அப்பா ஷட்டரைத் தூக்கும் சத்தத்தில் பாதித் தெரு விழித்துக்கொள்ளும். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் எட்டிப் பார்த்து, அரைக் கிலோ சர்க்கரை கிடைக்குமா என்று கேட்பதும் உண்டு.

சாமி படங்கள் இருந்ததால் கூடத்துக்குள் செருப்பு வரக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். அம்மாவின் ஊர் அஞ்செட்டிப் பக்கம் நாட்றாம்பாளையம். காட்டோரம் பூச்சி பொட்டுக்குப் பயந்து செருப்பில்லாமல் வெளியே கால் வைக்க மாட்டார்கள்; அந்தச் செருப்போடு வீட்டுக்குள்ளும் கால் வைக்க மாட்டார்கள். அம்மா இரண்டையும் கையோடு கொண்டுவந்திருந்தாள். சட்டம் போட்டது அவள், அமல்படுத்தியது நான். வீட்டுக்கு வந்த விருந்தாளி, கேபிள்காரர், கேஸ் சிலிண்டர் தூக்கி வருகிறவர் யாராக இருந்தாலும் ஷட்டர் அருகே நின்று காலைத்தான் முதலில் பார்ப்பேன். என் பள்ளிக்கூட ஷூவை அவிழ்க்காமல் தாண்டிய ஒரு நாளில் எனக்கு விழுந்த அடிதான் என்னை இவ்வளவு நேர்மையான காவல்காரி ஆக்கியிருக்க வேண்டும்.

அப்பா ஒரு வண்டி உதிரிபாகத் தொழிற்சாலையில் டூல் ரூமில் இருந்தார். மற்றவர்கள் பொருள் செய்வார்கள், அந்தப் பொருளைச் செய்கிற கருவியை அப்பா செய்வார் என்று அம்மா பெருமையாகச் சொல்லுவாள். அப்பாவுக்கு வேறு ஒரு நோய் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பெங்களூர்ப் பக்கமிருந்து நெடுஞ்சாலையில் சில கார்கள் வரும். தரையோடு தரையாகப் படுத்து, இரண்டே இரண்டு பேர் உட்காரும்படி, கூரையில்லாமல். கிருஷ்ணகிரி வரை போய் இட்லி தின்றுவிட்டுத் திரும்புகிற பணக்காரர்களின் கார்கள். மேம்பாலத்தடியில் என்னைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு அப்பா அவற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் வீட்டுக்கு வந்ததும், அப்படி ஒன்றை நாமே செய்துவிடலாம் என்றார். அம்மா குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். வீட்டு ஆண்கள் ஆசையாக எதையாவது சொல்லும்போது புளி கரைத்துக்கொண்டே இருப்பது அவள் வழக்கம்.

ஆனால் அப்பா செய்தார். அவருடைய கூட்டாளி ஒருவர், கன்னடக்காரர், தொழிற்பேட்டையில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். எனக்கு அவர் வெல்டிங் மாமா. அவர் பட்டறையில் இரும்புக் குழாய்களை ஒட்டவைத்து ஒரு கூடு தயாரானது. பழைய கார் ஒன்றிலிருந்து கழற்றிய எஞ்சினும் சக்கரங்களும் அதில் ஏறின. பட்டறையில் இடம் போதாமல் ஒரு நாள் அந்தக் கூடு டெம்போவில் ஏறி எங்கள் தெருவுக்கு வந்து, ஷட்டர் வழியாக நேராகக் கூடத்துக்குள் நுழைந்தது. எப்போது வெளியே போகும் என்று அம்மா கேட்டாள். தீபாவளிக்குள் போய்விடும் என்றார் அப்பா. எந்தத் தீபாவளி என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அதன் பிறகு எங்கள் குடும்பம் ஒரு காரைச் சுற்றிக் குடியிருந்தது. டிவி சமையலறைக்குப் போனது. விருந்தாளிகள் காரின் இரு பக்கமும் உட்கார்ந்து, நடுவில் இருந்த குழாய்களுக்கு மேலாக ஒருவரையொருவர் நலம் விசாரித்தார்கள். அம்மா வெள்ளிக்கிழமை தோறும் வீட்டைத் துடைக்கும்போது காருக்கு அடியிலும் கைவிட்டுத் துடைத்தாள். அதைத் திட்டிக்கொண்டேதான் துடைத்தாள். துடைத்து முடித்து நிலைக்கும் ஷட்டருக்கும் குங்குமம் வைக்கிறவள், அதற்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போவாள். பிடிக்காதவர் வீட்டுக் கல்யாணத்துக்கும் மொய் எழுதுகிற முகத்தோடு அதைச் செய்வாள்.

அப்பாவுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய பாடாக இருந்தது பெடல்கள்தான். சீட் ஏறக்குறையத் தரையில் இருந்ததால் காலை நேராக நீட்டித்தான் உட்கார முடியும். பழைய காரின் பெடல்கள் மேலிருந்து தொங்குகிறவை. அவற்றுக்கு இங்கே இடமே இல்லை. ஆகவே தரையில் கீல் வைத்துக் கீழிருந்து நிற்கும்படி அப்பாவே மூன்று பெடல்கள் செய்தார். அலுமினியத் தகட்டை அறுத்து, அரத்தால் ராவி, வழுக்காமலிருக்கத் துளைகள் போட்டு, சாயங்காலம் முழுவதும் அதே வேலை. கால் வைக்கிற இடமோ இரண்டு குழாய்களுக்கு நடுவே ஒரு சந்து. கிளட்ச், பிரேக், ஆக்ஸிலேட்டர் மூன்றும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

அளவெடுத்தது நான்தான். அப்பா ஒரு அட்டையின் மேல் பாதத்தை வைத்துக்கொண்டு நின்றார். நான் சாக்பீஸால் விரல் விரலாகச் சுற்றி வரைந்தேன். கூச்சத்தில் அவர் காலை இழுக்க, நான் மறுபடி வரைய, இப்படியே அட்டை முழுவதும் பாதங்களாகிவிட்டது. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, அதுக்குள்ள கிருஷ்ண ஜெயந்தி வந்துருச்சா என்று கேட்டுவிட்டுப் போனாள். அவள் அந்தக் காரைப் பற்றிக் கேலியாக ஏதாவது சொன்னால் அப்பாவுக்குச் சந்தோஷம். திட்டு நின்று கேலி வந்துவிட்டால் பாதி சம்மதம் என்று அவர் கணக்கு.

பெடல்களைப் பொருத்தியபோது அப்பா காட்டிய ஜாக்கிரதையை இன்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது, நெஞ்சும் கனக்கிறது. ஒவ்வொரு போல்ட்டுக்கும் அதிர்வில் கழலாத நட். அதற்கு மேல் ஒரு பின். அதற்கும் மேல், நட்டுக்கும் போல்ட்டுக்கும் சேர்த்து மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு. நட் கொஞ்சம் அசைந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும், கம்பெனியில் அப்படித்தான் செய்வோம் என்றார். பிரேக் பெடல் நிற்கிற இரும்புக்குப் பின்னால் இன்னொரு இரும்பை முட்டுக்கொடுத்து ஒட்டச்சொன்னார். வெல்டிங் மாமா ஒட்டி முடித்து, தன் கன்னடத்தில் ஆய்த்து என்றுவிட்டு, இனி யானை மிதிச்சாலும் ஒண்ணும் ஆகாது என்றார். அப்பா உடனே சீட்டில் முதுகைச் சாய்த்து இரண்டு காலாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதித்துப் பார்த்தார். எதற்கு இவ்வளவு பலமாக மிதிக்கிறீர்கள் என்று நான் கேட்டேன்.

"சாவகாசமா மிதிச்சா எல்லா பிரேக்கும் நல்ல பிரேக்குதான் பாப்பா. பயந்து மிதிக்கிற அன்னிக்கு என்ன பண்ணுதுன்னு பாக்கணும்."

ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் வரும் ஒரு மதியம், பஸ்ஸிலிருந்து அப்பாவோடு அவருடைய டூல் ரூம் ஆட்களும் இறங்கினார்கள். கூடத்தில் சூடம் ஏற்றி, தேங்காய் உடைத்து, டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். எல்லோரும் வெறுங்காலோடு காரைத் தள்ளித் தெருவில் நிறுத்தினார்கள். பிறகு வரிசையாக உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டார்கள். அப்பாவும் ஷட்டர்ப் படியில் உட்கார்ந்து, கம்பெனியில் கொடுத்த சேஃப்டி ஷூவை மாட்டி, இரட்டை முடிச்சுப் போட்டார். வெளியே போகிறவன் செருப்பு போட்டுக்கொண்டு போவதில் என்ன தவறு? எனக்கே தோன்றவில்லை, அந்த வீட்டில் கால்களைக் கவனிப்பதற்கென்றே இருந்தவள் நான்.

என்னைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து பெல்ட் போட்டார். அம்மா படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கார் உறுமிக்கொண்டு கிளம்பியது. தரை என் கைக்கு எட்டுகிற தூரத்தில் ஓடியது. தெரு நாய்கள் எனக்குச் சமமான உயரத்தில் இருந்தன. தெருமுனையில், குடிதண்ணீர்க் கேன் ஏற்றிய ஆட்டோ ஒன்று திடீரென்று திரும்பியது. அப்பா பிரேக்கை மிதித்தார். கார் நிற்பதற்குப் பதிலாக வீறிட்டுக்கொண்டு முன்னால் பாய்ந்தது. அப்பா இன்னும் பலமாக மிதித்தார். அது இன்னும் வேகமாகப் பாய்ந்தது. அவர் ஸ்டியரிங்கை ஒடித்ததும், யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணற்குவியலுக்குள் இரண்டு பேரும் மூக்குவரை புகுந்து நின்றோம்.

எனக்கு வாயெல்லாம் மணல், நெற்றியில் ஒரு புடைப்பு. வேறொன்றும் இல்லை. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இப்படித்தான் நிற்கும்போல என்று நினைத்துக்கொண்டு, இன்னொரு தடவை போகலாமா என்று கேட்டேன். எஞ்சினை அணைத்த அப்பாவின் கை, சாவியை விடாமல் அப்படியே இருந்தது.

அம்மா ஓடிவந்தாள். தெருவில், வெறுங்காலோடு. அவளை அப்படி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பெல்ட்டை அவிழ்த்து, தூக்கி வைத்துக்கொள்ளும் வயதைத் தாண்டிய என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். மண்ணும் சேறும் ஒட்டிய காலோடு படியேறி நேராகச் சாமி படங்களுக்கு முன்னால் போய் நின்றாள். அம்மா, கால் கழுவல என்று இடுப்பில் இருந்தபடியே நான் நினைவூட்டினேன். அவள் காதில் விழவில்லை. இந்தக் குற்றத்தை யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் நான் திகைத்துப்போனேன்.

காரைத் தள்ளிக்கொண்டுவந்து மறுபடியும் கூடத்தில் நிறுத்தினார்கள். அன்றிலிருந்து அப்பாவும் அம்மாவும் என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். சோறு ஆறிப்போகிறது என்று உங்கப்பாவிடம் சொல்லு. சட்டை இஸ்திரிக்குப் போகணும் என்று உங்கம்மாவிடம் சொல்லு. ஒருவர் பேசுவது இன்னொருவருக்கு நன்றாகவே கேட்கிற வீடு அது. ஆனாலும் நான் சலிக்காமல் அங்குமிங்கும் நடந்து சொன்னேன். எனக்கு அது புது உத்தியோகம்.

அப்பா தினமும் வேலை முடிந்து வந்ததும் காலைக் கழுவிக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்தார். மஞ்சள் கோடு ஒன்றுகூட உடையவில்லை. பின் விழவில்லை. முட்டு அசையவில்லை. பிரேக்கை மிதித்தால் பிரேக் மட்டும் இறங்கியது. மெதுவாக மிதித்தாலும், எட்டி உதைத்தாலும், பத்தாவது தடவை மிதித்தாலும் அது அப்பழுக்கில்லாமல் இருந்தது. அதுதான் அவரை உடைத்தது. தவறு தெரிந்தால் திருத்துகிறவர் அவர். தெரியாத தவறை என்ன செய்வது? என் கை பழுதாயிடுச்சு, இதை நம்பிக் குழந்தையை உட்காரவெச்சேனே என்று வெல்டிங் மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டேன். அப்பா அழமாட்டார் என்று எனக்குத் தெரியும் என்பதால், அவர் கண்ணில் தூசி விழுந்திருப்பதாக எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை டெம்போ வருகிறது, பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறேன், கூடம் காலியாகிவிடும் என்று உங்கம்மாவிடம் சொல்லு என்றார். நான் சமையலறைக்குப் போய்ச் சொன்னேன். அம்மா சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். தீபாவளிக்குத் தீபாவளி அவள் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தானே. அவள் புளிச்சட்டிக்குள் விட்ட கையை எடுக்காமல், "கேட்டுச்சுன்னு சொல்லு" என்றாள். அதையும் போய்ச் சொன்னேன்.

மறுநாள் விடிகாலை அப்பா ஷட்டர்ப் படியில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தவர், முடிச்சுப் போடாமல் கையை நிறுத்திவிட்டார். பால் பாக்கெட் எடுக்கப் போன நான் பார்த்தேன். வலது ஷூவின் வெளி ஓரத்தில், சுண்டுவிரல் பக்கம், தோலில் நேராக ஒரு கீறல். கீறலுக்குள் வெள்ளி மாதிரி ஏதோ மின்னியது. அப்பா அதை விரலால் தடவினார். பிறகு திரும்பிக் கூடத்துக்குள் காரைப் பார்த்தார். பஸ் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்து கிளம்பப்போகிற நேரத்தில்தான் ஓடினார்.

சாயங்காலம் வந்ததும் படியைத் தாண்டவே இல்லை. என்னிடம் அந்தப் பாத அட்டையைக் கேட்டு வாங்கி, படியில் விரித்து, நான் வரைந்த பாதத்தின் மேல் ஷூவை வைத்தார். பாதத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஷூ வெளியே தள்ளிக்கொண்டு நின்றது.

"பாரு பாப்பா. வூட்டுக்குள்ள வெறுங்கால்லயே அளவெடுத்து, வெறுங்கால்லயே மிதிச்சுப் பாத்துருக்கோம். அன்னிக்கு பிரேக்கை மிதிச்சப்ப இந்த ஓரம் பக்கத்து ஆக்ஸிலேட்டர்லயும் ஏறிருச்சு. கீறல்ல மின்னுறது பெடல் அலுமினியம்."

அதை அவர் என்னிடம் சொன்னாலும், சமையலறைக்குக் கேட்கிற குரலில்தான் சொன்னார். ஷூ போட்டு உட்கார்ந்து பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும் என்றும் சொன்னார். காரைத் தெருவுக்குத் தள்ளிப் பார்த்திருக்கலாம். மணலில் புகுந்த நாளுக்குப் பிறகு தெருப் பக்கம் அதைக் காட்ட அவருக்கு மனம் வரவில்லை. உள்ளே கொண்டுவரட்டுமா என்றும் அவர் கேட்கவில்லை. நான் வேறு ஷட்டர் கோட்டில் நின்றுகொண்டு, அங்கயே வைங்கப்பா என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அப்பா கீழ்ப்படிந்து ஷூவை வெளியே சுவரோரம் வைத்தார்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. அம்மா வீட்டைத் துடைத்து முடித்து, குங்குமம் வைத்திருந்தாள். காருக்கும் வைத்திருந்தாள். அப்பா வேலையிலிருந்து வந்து ஷூவைக் கழற்றிவிட்டு, உள்ளே வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அம்மா வெளியே போனாள். குழாயடியில் தேங்காய் நார் தேய்க்கும் சத்தம் நெடுநேரம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் இரண்டு கையிலும் அப்பாவின் ஷூக்கள் இருந்தன. அடிப்பக்கத்தின் பள்ளம் ஒவ்வொன்றும் வெளுத்துப்போகத் தேய்த்து, தன் பழைய புடவைத் துணியால் ஈரம் ஒற்றியிருந்தாள். படியேறி, ஷட்டரைத் தாண்டி, துடைத்த தரையில், சாமி படங்களுக்கு எதிரே, காரின் பக்கத்தில் அவற்றை ஜோடியாக வைத்தாள்.

அம்மா, ஷூ என்றேன். தெரியும் என்றாள். பிறகு, அத்தனை நாளில் முதல்முறையாக, நான் நடுவில் இல்லாமல் அப்பாவிடம் பேசினாள்.

"போட்டுக்கிட்டு ஏறுங்க. அன்னிக்கு எப்படி மிதிச்சீங்களோ அப்படியே மிதிங்க. நான் பாக்கணும்."

அப்பா டீயைப் பாதியில் வைத்தார். ஷூவை மாட்டி இரட்டை முடிச்சுப் போட்டார். காரில் ஏறி, முதுகைச் சாய்த்து, ஒரு மிதி மிதித்தார். இரண்டு பெடல்களும் சேர்ந்து இறங்கின. அப்பா நீளமாக ஒரு மூச்சு விட்டார். அதற்குப் பிறகு அரமும் ஸ்பேனரும் எடுத்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பிரேக் தகட்டின் ஓரத்தை ராவினார். ஆக்ஸிலேட்டரை அந்தப் பக்கத்துக் குழாயோடு ஒட்டித் தள்ளி, பிரேக்கைவிடக் கொஞ்சம் தாழ்த்திப் பொருத்தினார். இரண்டுக்கும் நடுவே ஒரு சின்னத் தகட்டைத் தடுப்பாக நிறுத்தினார். ஒவ்வொன்றுக்குப் பிறகும் அம்மா மிதிக்கச் சொன்னாள். ஷூவோடு, செருப்போடு, வெறுங்காலோடு, ஷூவை நனைத்துக்கொண்டு. செருப்புகூட உள்ளே வந்துவிட்டதே என்று எனக்குப் பொறுக்கவில்லை. அப்படியானால் நானும் ஸ்கூல் ஷூவைப் போட்டுக்கொண்டு வரலாமா என்று சண்டைக்குப் போனேன். உன் ஷூவால யாருக்கும் ஒண்ணும் ஆவாது, வெளியவே கிடக்கட்டும் என்று அம்மா ஒரே வரியில் வழக்கை முடித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை டெம்போ வரவில்லை. நம்பர் பிளேட் கிடைக்காத அந்தக் கார், அதற்குப் பிறகு பல ஞாயிறுகள், வீடு எழும்பாத லேஅவுட் மனைகளுக்கு நடுவே ஓடியது. அம்மாவும் என்னை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். முதல் தடவை பழக்க தோஷத்தில் செருப்பைத் தரையில் கழற்றிவிட்டு ஏறிவிட்டாள். நாங்கள் ஒரு சுற்றுச் சுற்றி வரும்வரை அது மனைக்கல் பக்கத்தில் எங்களுக்காகக் காத்திருந்தது. இப்போது நான் தினமும் எல்லை தாண்டி பெங்களூருக்குக் கார் ஓட்டிக்கொண்டு போய் வருகிறேன். புது ஷூ வாங்கிய அன்றைக்கெல்லாம் அம்மா வாசலுக்கு வந்து என் காலைப் பார்ப்பாள். இதைப் போட்டுக்கிட்டு மிதிச்சுப் பாத்தியா என்று கேட்பாள். என் பழைய உத்தியோகத்தை அவள் எடுத்துக்கொண்டுவிட்டாள் என்று கேலி செய்வேன்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமையை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஷூ அல்ல. அப்பா முதல் மிதி மிதித்தபோது அம்மா காரின் பின்பக்கக் குழாயை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு கையில் என் சடை. எஞ்சின் ஓடவில்லை, பேட்டரியைக்கூட அப்பா கழற்றி மூலையில் வைத்திருந்தார். வண்டி ஓடலம்மா, எதுக்குப் புடிச்சிக்கிட்டிருக்க என்று கேட்டேன். தெரியும் என்றாள். குழாயையும் விடவில்லை, சடையையும் விடவில்லை. நகரவே முடியாத ஒரு காரை எதற்காக ஒருத்தி இப்படிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. சடை வலித்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அது மட்டும்தான்.